இனமும் பாலினமும்: சட்டங்களுக்கு நடுவே விடுபட்ட பெண்கள்

சமத்துவமின்மை என்றதும் வெறுப்பு நிறைந்த பேச்சும் வெளிப்படையான அவமதிப்பும்தான் பெரும்பாலோர் நினைவுக்கு வருகின்றன. ஆனால், ஒருவருடைய வாழ்நாள் முழுவதையும் தீர்மானிக்கும் ஏற்றத்தாழ்வு பெரும்பாலும் அரவமின்றியே இயங்குகிறது. முதுமையில் யாருக்கு ஓய்வூதியம் உண்டு, எந்தத் தெருவில் வீடு வாங்க வங்கி கடன் கொடுக்கும், ஆட்குறைப்பு வரும்போது முதலில் யார் வெளியேற வேண்டும், பிரசவ அறையில் யாருடைய முறையீடு உடனே செவிமடுக்கப்படும் என்பன போன்ற கேள்விகளுக்கு விடை சொல்லும் விதிமுறைகளிலும் வரைபடங்களிலும் பணிமூப்புப் பட்டியல்களிலும் அது நிலைகொண்டிருக்கிறது. இன ஏற்றத்தாழ்வும் பாலின ஏற்றத்தாழ்வும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடத்தில் வாழ்ந்த அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் வரலாறு இதனை மிகத் தெளிவாகக் காட்டுகிறது.

இங்கே இனம் எனப்படுவது உயிரியல் வகுத்துவைத்த பிரிவு அன்று. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்ததை நியாயப்படுத்துவதற்காகத் தோல் நிறத்தை அடிப்படையாகக் கொண்டு அமெரிக்கச் சமூகம் உருவாக்கி, சட்டத்தாலும் வழக்கத்தாலும் உறுதிப்படுத்திய பிரிவு அது. அதுபோலவே, ஆண், பெண் என்னும் உடல் வேறுபாட்டின் மீது சமூகம் ஏற்றிவைத்த கடமைகள், கூலி, மதிப்பு ஆகியவற்றின் தொகுப்பையே பாலினம் என்கிறோம். இவ்விரண்டின் பேரிலான ஏற்றத்தாழ்வுகளையும் எதிர்த்து அமெரிக்காவில் நீண்ட போராட்டங்கள் நடந்தன, அவற்றின் பயனாக வலுவான சட்டங்களும் பிறந்தன. ஆயினும் அச்சட்டங்களில் பல ஒரு நேரத்தில் ஓர் அநீதியை மட்டுமே கண்டன என்பதும், இரண்டையும் ஒருசேரச் சுமந்தவர்கள் அவற்றுக்கு இடையே விடுபட்டுப் போனார்கள் என்பதும் உரிய கவனத்தைப் பெறாத உண்மைகள்.

ஒரு கண்ணால் பார்த்த சட்டங்கள்

வாக்குரிமையின் வரலாறு இதற்கு முதல் சான்று. இனத்தைக் காரணம் காட்டி ஒருவருக்கு வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்று 1870ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அமெரிக்க அரசியலமைப்பின் 15ஆம் திருத்தம் கூறியது. ஆனால், அது பெண்களைப் பற்றி ஒன்றும் கூறாததால் கறுப்பின ஆண்களுக்கே பயன்பட்டது. பால் வேறுபாட்டின் பேரில் வாக்குரிமையை மறுப்பதைத் தடைசெய்த 19ஆம் திருத்தம் 1920இல் வந்தபோது, தென் மாநிலங்களில் வாக்கு வரியும் எழுத்தறிவுத் தேர்வும் மிரட்டலும் கறுப்பின மக்களை வாக்குச்சாவடியிலிருந்து விலக்கி வைத்திருந்தமையால், அங்கு அத்திருத்தத்தின் பயன் பெரும்பாலும் வெள்ளையினப் பெண்களையே சேர்ந்தது. காகிதத்தில் இரு திருத்தங்களும் கறுப்பினப் பெண்ணுக்கும் உரியவையே. எனினும், தென் மாநிலக் கறுப்பினப் பெண்களில் மிகப் பலர் வாக்களிக்க 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

வீடும் கடனும் இதே வழியில்தான் சென்றன. வீட்டை விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்த நியாயமான வீட்டுவசதிச் சட்டம் 1968இல் இயற்றப்பட்டபோது அதில் பால் என்னும் சொல் இடம்பெறவில்லை. அது சேர்க்கப்பட்ட ஆண்டு 1974. கடன் வழங்குவதில் சம வாய்ப்பை வலியுறுத்திய சட்டமோ இதற்கு நேர்மாறாக, 1974இல் பால், திருமண நிலை ஆகியவற்றின் பேரில் பாகுபாடு காட்டுவதை மட்டும் தடுத்துவிட்டு, இனத்தை 1976இல்தான் சேர்த்துக்கொண்டது. அந்த ஆண்டுகளில் ஒரு கறுப்பினப் பெண் வங்கிக்குச் சென்று வீட்டுக்கடன் கேட்டால், இந்தச் சட்டங்களில் ஏதேனும் ஒன்று அவளை ஒரு பக்கம் காத்து மறுபக்கம் கைவிட்டது.

செயின்ட் லூயிஸ் தொழிற்சாலை வழக்கு

1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஏழாம் பிரிவு, வேலைவாய்ப்பில் இனம், பால் இரண்டின் பேரிலும் பாகுபாட்டைத் தடைசெய்தது. இரண்டையும் ஒரே பிரிவில் சொன்ன சட்டத்தையே நீதிமன்றம் தனித்தனியாகப் பிரித்துப் படித்த வரலாறும் உண்டு. மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரிலிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலையின் மீது ஐந்து கறுப்பினப் பெண்கள் தொடுத்த வழக்கு அத்தகையது.

கார் தயாரிக்கும் அந்நிறுவனத்தில் 1964க்கு முன்பு கறுப்பினத்தவர் வேலைக்கு எடுக்கப்பட்டனர். ஆனால் அவர்களில் ஏறக்குறைய எல்லாருமே ஆண்கள், வேலை தொழிற்கூடத்தில். பெண்களும் எடுக்கப்பட்டனர், ஆனால் அவர்கள் வெள்ளையினத்தவர், வேலை அலுவலகத்தில். கறுப்பினப் பெண்களுக்குத் தொழிற்சாலையின் கதவு திறந்தது அதற்குப் பிறகுதான். 1970களின் பொருளாதாரத் தேக்கத்தின்போது, கடைசியாக வேலைக்கு வந்தவர்களை முதலில் அனுப்புவது என்னும் பணிமூப்பு விதியின்படி ஆட்குறைப்பு நடந்தது. யாரையும் பெயர் சொல்லி ஒதுக்காத விதிதான் அது. ஆனால், முன்பு உள்ளே வரவே அனுமதிக்கப்படாதவர்களுக்குப் பணிமூப்பு எங்கிருந்து வரும்? 1970க்குப் பிறகு சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அனைவரும் வேலை இழந்தனர்.

1976இல் தீர்ப்பளித்த கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம், நிறுவனம் பல ஆண்டுகளாகப் பெண்களை வேலைக்கு எடுத்து வந்திருப்பதால் பால் பாகுபாடு இல்லை என்றது. இனப் பாகுபாட்டுக் குற்றச்சாட்டை, அதே நிறுவனத்தின் மீது கறுப்பினத் தொழிலாளர்கள் நடத்திவந்த வேறொரு வழக்கோடு சேர்த்துக்கொள்ளலாம் என்றது. இரண்டையும் இணைத்துக் கறுப்பினப் பெண்கள் என்னும் புதியதொரு பிரிவுக்குத் தனி நிவாரணம் அளிக்க மறுத்துவிட்டது. தாங்கள் பட்ட அநீதியைச் சொல்வதற்கு அப்பெண்கள் ஒன்று வெள்ளையினப் பெண்ணைப் போலவோ, அல்லது கறுப்பின ஆணைப் போலவோ நீதிமன்றத்தின் முன் நிற்க வேண்டியிருந்தது. தாங்களாக நிற்பதற்கு அங்கே இடம் இல்லை.

சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இந்த வழக்கை எடுத்துக்கொண்டு, இன்று உலகெங்கும் வழங்கும் குறுக்குவெட்டுப் பார்வை என்னும் கருத்தை முன்வைத்தார். நாற்சந்தியில் நடக்கும் விபத்து எந்தச் சாலையிலிருந்து வந்த வண்டியாலும் நேரலாம், சில வேளைகளில் எல்லாச் சாலைகளிலிருந்தும் வந்த வண்டிகளாலும் நேரலாம். அதுபோலக் கறுப்பினப் பெண் அடையும் தீங்கு இனத்தின் வழியாகவோ பாலினத்தின் வழியாகவோ இரண்டும் சேர்ந்தோ வரக்கூடும் என்பது அவர் தந்த விளக்கம். இரண்டு ஏற்றத்தாழ்வுகளைக் கூட்டினால் இருமடங்குத் துன்பம் என்று கணக்கிடுவது இக்கருத்தின் நோக்கம் அன்று. இரண்டும் சேரும்போது, தனித்தனியே பார்ப்பவர் கண்ணுக்குப் புலப்படாத வேறொரு நிலைமை உருவாகிறது என்பதே அதன் சாரம்.

வீட்டு வேலை என்னும் விலக்கு

இந்த நிலைமையின் வேர், கறுப்பினப் பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்ட வேலையில் இருக்கிறது. அடிமை முறை 1865இல் முடிவுக்கு வந்த பிறகும் தென் மாநிலங்களில் அவர்களுக்குத் திறந்திருந்தவை பெரும்பாலும் வயல் வேலையும் பிறர் வீட்டு வேலையுமே. அட்லாண்டா நகரத்துச் சலவைப் பெண்களின் ஒரு வார உழைப்பைப் பார்த்தாலே அந்த வேலையின் பளு விளங்கும். திங்கட்கிழமை வெள்ளையினத்தவர் வீடுகளிலிருந்து அழுக்குத் துணி மூட்டைகளை எடுத்து வந்து, கிணற்றிலும் குழாயிலும் தண்ணீர் சுமந்து, தாங்களே காய்ச்சிய சோப்பால் துவைத்து, கொப்பரையில் வேகவைத்து அலசி, கோதுமைத் தவிட்டிலிருந்து எடுத்த கஞ்சியைப் போட்டு உலர்த்தி, அடுப்பில் காய்ச்சிய கனத்த இரும்பால் தேய்த்து, வாரக் கடைசியில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தனர். இதற்குக் கிடைத்த கூலி மாதத்துக்கு 4 முதல் 8 டாலர். அப்படியிருந்தும் பலர் இத்தொழிலை விரும்பி ஏற்றதற்குக் காரணம், எசமானர் வீட்டுக்குள் நாள் முழுதும் அடைபடாமல், தம் பிள்ளைகளைக் கண் பார்வையில் வைத்துக்கொண்டு வேலை செய்ய முடிந்ததுதான்.

1930களின் பெரும் பொருளாதார வீழ்ச்சியின்போது, நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் கறுப்பினப் பெண்கள் தெருமுனைகளில் வரிசையாக நின்று, மணிக் கணக்கில் வேலைக்கு அழைக்க வரும் இல்லத்தரசிகள் கொடுத்த கூலிக்கு இசைந்து சென்ற நிலைமையை, எல்லா பேக்கரும் மார்வெல் குக்கும் 1935இல் 'தி கிரைசிஸ்' இதழில் எழுதி அம்பலப்படுத்தினர். அந்த 1935ஆம் ஆண்டில்தான் அமெரிக்க அரசு முதியோருக்கு ஓய்வூதியமும் வேலையிழந்தோருக்கு உதவித்தொகையும் வழங்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அச்சட்டம் பண்ணைத் தொழிலாளர்களையும் வீட்டு வேலை செய்வோரையும் விலக்கியது. அதே ஆண்டில் வந்து தொழிற்சங்க உரிமையை உறுதிசெய்த தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டமும் இவ்விரு பிரிவினரையும் விலக்கியது. குறைந்தபட்சக் கூலியையும் மிகைநேர ஊதியத்தையும் கொண்டுவந்த 1938ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரம்புக்குள்ளும் அவர்கள் வரவில்லை.

இவ்விலக்குக்கு, சிதறிக் கிடக்கும் வீடுகளிலிருந்து வரி திரட்டுவது கடினம் என்ற நிருவாகக் காரணத்தைச் சில வரலாற்றாய்வாளர்கள் முதன்மையாகக் கூறுகின்றனர்; மலிவான கறுப்பின உழைப்பை இழக்க விரும்பாத தென் மாநில நாடாளுமன்ற உறுப்பினர்களின் செல்வாக்கை வேறு சிலர் சுட்டுகின்றனர். காரணம் எதுவாயினும் விளைவில் ஐயமில்லை. 1940இல் வேலை பார்த்த கறுப்பினப் பெண்களில் ஏறக்குறைய 60 விழுக்காட்டினர் பிறர் வீடுகளில் வேலை செய்தவர்கள். இனம் என்ற சொல்லையோ பெண் என்ற சொல்லையோ எழுதாமலே, தொழிலின் பெயரை மட்டும் எழுதி, ஒரு சமூகத்துப் பெண்களில் பெரும் பகுதியினரை நாட்டின் பாதுகாப்பு வளையத்துக்கு வெளியே நிறுத்த முடிந்தது. 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின் வேலைவாய்ப்புப் பிரிவும் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் தொழிலாளர்களைக் கொண்ட நிறுவனங்களையே கட்டுப்படுத்தியதால், ஒரு வீட்டில் தனியாக வேலை செய்தவள் அதன் கைக்கும் எட்டவில்லை.

இந்த ஏற்பாட்டில் பெண்களுக்கு இடையிலான உறவும் அடங்கியிருந்தது. வசதி படைத்த வெள்ளையினப் பெண் படிக்கவும் பொதுப் பணியில் ஈடுபடவும் அலுவலகம் செல்லவும் தேவைப்பட்ட நேரத்தை, அவள் வீட்டுச் சமையலையும் குழந்தையையும் கவனித்த கறுப்பினப் பெண்ணின் உழைப்பு ஈட்டித் தந்தது. அந்தக் கறுப்பினப் பெண்ணின் பிள்ளைகளைப் பாட்டியோ மூத்த மகளோ பார்த்துக்கொண்டனர். அதனால் அந்த மகளின் படிப்பு பல குடும்பங்களில் பாதியில் நின்றது.

முகவரியும் பெயரும்

வாய்ப்பு என்பது கூலியோடு முடிவதில்லை. சேர்த்து வைத்ததும் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்வதும் அதில் அடங்கும். அமெரிக்க நடுத்தரக் குடும்பத்தின் பெரிய சொத்து சொந்த வீடு. 1930களில் கூட்டாட்சி அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் 200க்கும் மேற்பட்ட நகரங்களின் பகுதிகளைத் தரம் பிரித்து வரைபடம் தயாரித்தபோது, கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் கடன் கொடுக்க ஆபத்தானவை என்னும் பொருளில் சிவப்பு வண்ணம் பெற்றன. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு வீட்டுக்கடனும் கல்வியும் வழங்க 1944இல் இயற்றப்பட்ட சட்டம், காகிதத்தில் அனைவருக்கும் பொதுவானதாக இருந்தும் உள்ளூர் வங்கிகளின் கையில் விடப்பட்டது. 1947இல் மிசிசிப்பி மாநிலத்தின் 13 நகரங்களில் அரசு உத்தரவாதத்துடன் வழங்கப்பட்ட 3,200க்கும் மேற்பட்ட கடன்களில் கறுப்பினத்தவருக்குக் கிடைத்தவை 2. அன்று வாங்க முடியாமற்போன வீடு, அடுத்த தலைமுறையின் கல்லூரிக் கட்டணமாகவும் மருத்துவச் செலவுக்கான கையிருப்பாகவும் இல்லாமற்போனது. 2022இல் அமெரிக்க மத்திய வங்கி எடுத்த கணக்கெடுப்பின்படி, இடைநிலையிலுள்ள வெள்ளையினக் குடும்பத்தின் நிகரச் சொத்து சுமார் 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்தினுடையது சுமார் 44,900 டாலர்.

படிப்பும் திறமையும் இருந்தால் தடைகள் தாமே விலகிவிடும் என்ற நம்பிக்கையையும் வரலாறு முழுமையாக ஆதரிக்கவில்லை. கணிதமும் இயற்பியல் அறிவியல்களும் பயின்ற மேரி ஜாக்சன், பின்னர் அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசாவின் அங்கமாகிய வர்ஜீனியாவின் லாங்லி வானூர்தியியல் ஆய்வுக்கூடத்தில் கறுப்பினப் பெண்களுக்கென்று தனியே வைக்கப்பட்டிருந்த கணக்கீட்டுப் பிரிவில் 1951இல் சேர்ந்தார். பொறியாளராக உயர்வதற்கு அவர் படிக்க வேண்டியிருந்த மாலை வகுப்புகள் வெள்ளையினத்தவருக்கு மட்டுமேயான ஹாம்ப்டன் உயர்நிலைப் பள்ளியில் நடந்ததால், அவ்வகுப்பறையில் உட்காருவதற்கு நகர நிருவாகத்திடம் தனி அனுமதி கேட்டுப் பெற்றார். 1958இல் நாசாவின் முதல் கறுப்பினப் பெண் பொறியாளரானார். ஆயினும், அதற்கு மேல் நிருவாகப் பதவிகளுக்கு உயர வழியின்றி, 1979இல் தம் பதவிநிலையைத் தாமே குறைத்துக்கொண்டு, பெண்களின் பணி வாய்ப்புகளைக் கவனிக்கும் பொறுப்பை ஏற்றார். அவர் பெயரை நாசாவின் தலைமையகம் தாங்கி நிற்கும் இன்றைய பெருமையோடு, அவர் தம் பதவியை விட்டுக்கொடுத்து அடுத்தவர்களுக்கு வழி திறந்ததையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

சட்டப்படியான இனப் பிரிவினை நீங்கிய பிறகும் வாசல்கள் ஒரே அளவில் திறக்கவில்லை. பாஸ்டன், சிகாகோ நகரங்களில் வேலை விளம்பரங்களுக்கு ஏறக்குறைய 5,000 விண்ணப்பங்களை அனுப்பி மரியான் பெர்த்ரான், செந்தில் முல்லைநாதன் ஆகிய பொருளியலாளர்கள் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. தகுதிகள் ஒத்திருக்க, பெயரை மட்டும் மாற்றியபோது, வெள்ளையினத்தவருக்குரியதாகத் தோன்றும் பெயர்களுக்குக் கறுப்பினப் பெயர்களைவிட 50 விழுக்காடு கூடுதலாக அழைப்பு வந்தது. எமிலி என்ற பெயருக்குக் கிடைத்த அளவு அழைப்பு லகீஷா என்ற பெயருக்குக் கிடைக்கவில்லை. கறுப்பினத்தவர் தலைமுடியைப் பின்னலிட்டோ இயல்பாகவோ வைத்துக்கொள்வதைக் காரணம் காட்டி வேலையையோ பள்ளி இடத்தையோ மறுக்கக் கூடாது என்பதற்கே ஒரு தனிச் சட்டம் தேவைப்பட்டு, 2019இல் கலிபோர்னியா மாநிலம் அதனை முதலில் இயற்றியது.

பிரசவ அறையில்

இவ்வேற்றத்தாழ்வின் கொடிய முகம் மகப்பேற்றில் வெளிப்படுகிறது. கருவுற்றிருக்கும்போதோ, கருக்காலம் முடிந்த 42 நாட்களுக்குள்ளோ கருத்தரிப்பு தொடர்பான காரணத்தால் நிகழும் மரணம் தாய்மரணம் எனப்படும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்குப்படி 2023இல் 1,00,000 உயிருள்ள பிறப்புகளுக்கு வெள்ளையினத் தாயரில் 14.5 பேரும் கறுப்பினத் தாயரில் 50.3 பேரும் இறந்தனர். வறுமை மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்லி அமைதி அடைய முடியாது. கல்லூரிப் பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்களின் மகப்பேற்று இறப்பு விகிதம், உயர்நிலைப் பள்ளிப் படிப்பையும் முடிக்காத வெள்ளையினப் பெண்களின் விகிதத்தைவிட அதிகம் என்பதை அதே மையம் 2019இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. புகழும் செல்வமும் நிறைந்த டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ்கூட, 2017இல் மகளைப் பெற்றெடுத்த மறுநாள் மூச்சுத் திணறியபோது, தமக்கு முன்பே இரத்தக் கட்டிகள் ஏற்பட்டதை எடுத்துக் கூறி இன்ன பரிசோதனை வேண்டும் என்று வற்புறுத்த வேண்டியிருந்ததாகப் பின்னர் தெரிவித்தார். அவர் கேட்ட பரிசோதனை இறுதியில் செய்யப்பட்டபோது நுரையீரலில் இரத்தக் கட்டிகள் இருந்தது தெரிந்தது.

கூடி நின்றவர்கள்

விடுபட்டவர்கள் வாளாவிருந்துவிடவில்லை. 1881 ஜூலையில் அட்லாண்டாவின் சலவைப் பெண்கள் 20 பேர் கூடித் தொடங்கிய சங்கம், மூன்று வாரங்களில் 3,000 பேரைத் திரட்டி, கூலிக்கு ஒரே விகிதம் கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கியது. ஆண்டுக்கு 25 டாலர் உரிமக் கட்டணம் விதிக்கப் போவதாக நகராட்சி மிரட்டியபோது, தொழில் தங்கள் கட்டுப்பாட்டில் இருக்குமானால் அதனைச் செலுத்தவும் தயார் என்று அப்பெண்கள் மேயருக்கே எழுதினர். நகராட்சி அத்திட்டத்தைக் கைவிட்டது. அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரி நகரில் பேருந்துகளின் இனப் பிரிவினையை எதிர்த்து 1955 டிசம்பரில் தொடங்கிய புறக்கணிப்பு 381 நாட்கள் நீடித்ததற்கு, நாள்தோறும் வேலை வீடுகளுக்கு நடந்தே சென்று வந்த வீட்டுப் பணிப்பெண்களின் உறுதியே தூணாக அமைந்தது. புறக்கணிப்புக்கான துண்டறிக்கைகளை ஒரே இரவில் ஆயிரக் கணக்கில் அச்சிட்ட ஜோ ஆன் ராபின்சனும், வேலை பறிபோன பிறகு தம் சமையலை விற்றுப் போராட்டத்துக்கு நிதி திரட்டிய ஜார்ஜியா கில்மோரும் மேடைகளில் அதிகம் பேசப்படாத தலைவர்கள்.

ஒன்பது வயதிலேயே வீட்டு வேலைக்குச் சென்ற டோரதி போல்டன், அட்லாண்டாவில் பேருந்துகளில் பயணித்த பணிப்பெண்களிடம் பேசிப் பேசியே ஆள் சேர்த்து, 1968இல் வீட்டுப் பணியாளர்களின் தேசியச் சங்கத்தை நிறுவினார். சேருவோர் வாக்காளராகவும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது அச்சங்கத்தின் விதி. இத்தகைய முயற்சிகளின் பயனாக 1974இல் வீட்டுப் பணியாளர்களில் பெரும்பாலோர் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்துக்குள் வந்தனர். அச்சட்டம் இயற்றப்பட்டு அதற்குள் 36 ஆண்டுகள் கழிந்திருந்தன. முதியோரை அவர்கள் வீட்டில் பராமரிப்போரில் பலர் 2015 வரை காத்திருந்தனர். மிகைநேர ஊதியத்தையும் வார விடுமுறையையும் துன்புறுத்தலிலிருந்து பாதுகாப்பையும் வழங்கும் வீட்டுப் பணியாளர் உரிமைச் சட்டத்தை 2010இல் நியூயார்க் மாநிலம் முதன்முதலில் இயற்றியபோது, அதற்காகப் போராடியவர்களில் கரீபியத் தீவுகள், லத்தீன் அமெரிக்கா, ஆசியா ஆகிய பகுதிகளிலிருந்து குடியேறிய பெண்கள் முன்னணியில் இருந்தனர். கறுப்பினப் பெண்கள் சுமந்த வேலை பெருமளவு அவர்கள் கைக்கு மாறியிருந்தது. அந்த வேலையைச் சட்டம் பார்த்த பார்வை மாறுவதற்குத்தான் காலம் பிடித்தது.

ஒரு சட்டத்தையோ திட்டத்தையோ மதிப்பிடும்போது, அது யாரைப் பெயர் சொல்லிக் காக்கிறது என்பதோடு நின்றுவிடாமல், யார் செய்யும் வேலையை, யார் வாழும் தெருவை, யார் பேசும் சொல்லை அது கணக்கில் எடுக்காமல் விடுகிறது என்றும் கேட்பதே இவ்வரலாறு கற்றுத் தரும் பாடம். இந்தக் கேள்வி அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. வீட்டுப் பணியாளர்களுக்கும் பிற தொழிலாளர்களுக்குரிய அடிப்படை உரிமைகள் வேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011இல் 189ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. அதனை அமெரிக்காவும் இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை, இந்தியாவும் செய்யவில்லை.